தாய் சேர்க்கும் கொட்டில்

இது பிரையனியின் தலை வாசனை. எனக்குத் தெரியாதா? நான் பெற்ற பிள்ளையின் வாசனை எனக்கு மறந்துபோகுமா? ஆனால் அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த வீட்டை எத்தனை முறை கழுவித் துடைத்தாயிற்று. வேண்டாம், யாரிடமும் சொல்லாதே. சொன்னால் மறுபடியும் அந்த மாதிரிப் பார்ப்பார்கள்.

ரோனா சீஸ் ரோல் அடுக்கிய தட்டை அடுப்புக்குள் தள்ளாமல் கையில் வைத்தபடியே நின்றாள். பின்கதவுக்குப் பக்கத்தில், கோட்டுகள் தொங்கும் இடத்தில்தான் அந்த வாசனை இருந்தது. ஈரக் கம்பளி, நாயின் ஈரம், ரப்பர் பூட்ஸுகளில் காய்ந்த சேறு, இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஓடியாடி வியர்த்த குழந்தையின் உச்சந்தலையில் மட்டும் இருக்கிற, இனிப்பும் புளிப்புமான ஏதோ ஒன்று. கதவைத் திறந்தால் காற்றோடு போய்விடும் போல அவ்வளவு மெல்லியது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கணவன் டூகலின் கோட்டை முகத்தருகே இழுத்தாள். முதுகுப் பக்கம் ஆட்டுக் கொழுப்பும் டீசலும். மார்புப் பக்கம், யாரையாவது தூக்கி அணைத்தால் அவர்கள் தலை வந்து படுகிற இடத்தில், அது இருந்தது. கூடவே உப்பு. தோல்களைப் பதப்படுத்த ஆட்டுக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிற கல்லுப்பு.

அவள் கோட்டை விட்டுவிட்டாள். அது ஆணியில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தட்டை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.

வெளியே தெற்குக் காற்று மக்ரோகார்ப்பா மர வேலியை ஓயாமல் அறைந்தது. குட்டி ஈனும் பருவம். மேட்டு நிலத்திலிருந்து தாய் ஆடுகளின் குரல்கள் மழைச் சாரலோடு சேர்ந்து வந்தன. குட்டியை அழைக்கிற குரல் ஒன்று, குட்டியைத் தேடுகிற குரல் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஆடு வளர்க்கிற இந்தச் சவுத்லாண்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அழைக்கிற குரலுக்கு முடிவு உண்டு. தேடுகிற குரல் அப்படியே நீண்டு, காற்று திரும்பும்போது அறுந்துபோகும்.

வசந்தம் தோறும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பண்ணையைப் பார்ப்பார்கள். வளர்ப்புக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுப்பார்கள், நாய்கள் ஆடு மடக்குவதைப் பார்ப்பார்கள், சாணியை மிதித்துவிட்டு அலறுவார்கள், ரோனா செய்து வைத்த சீஸ் ரோலைச் சுடச்சுடத் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். பிரையனி இருந்தவரைக்கும் அவள்தான் வரவேற்பு. தன்னைவிடப் பெரிய பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இந்த வருடம் டூகல் சரி என்று சொன்னது ரோனாவுக்குத் தெரியாது. ஆசிரியை கிளெனிஸ் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது. கிளெனிஸும் ரோனாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருத்தி கல்யாணத்தில் இன்னொருத்தி தோழியாக நின்று பூங்கொத்து பிடித்தவள். அதைச் சொல்லிவிட்டு கிளெனிஸ், "உனக்கு நல்லது, ரோனா" என்றாள்.

அந்த வாக்கியத்தை இந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோரும் சொன்னார்கள். சூப் கொண்டு வந்த பக்கத்துப் பண்ணைக்காரி சொன்னாள். தபால்காரர் சொன்னார். கொஞ்ச நாளாக அவர்கள் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். ரோனா கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஆனால் அது இரக்கத்தில் நிற்கிற பேச்சு மாதிரி இல்லை. பிறந்தநாள் பரிசை ஒளித்து வைத்திருப்பவர்கள் நிறுத்துகிற பேச்சு மாதிரி இருந்தது.

டூகலும் மாறியிருந்தான். தினமும் காலையில் கிண்ணம் நிறையக் கஞ்சியை எடுத்துக்கொண்டு, கம்பளி கத்தரிக்க வருபவர்கள் தங்கும் பழைய குடிலுக்குப் போனான். அங்கே சீக்குக் குட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னான். நான் வந்து பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது, இன்னும் தேறவில்லை, தேறட்டும் என்றான். குட்டிக்கு எதற்குக் கஞ்சியில் தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இந்த ஒரு வருடத்தில் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

பிரையனி போனது போன வசந்தத்தில். ஓடையில் வெள்ளம். கரையில் மாட்டிக்கொண்ட குட்டியை எடுக்கப் போனவள். வெள்ளம் வடிந்த பிறகு வில்லோ மரங்களுக்கு அப்பால் டூகல்தான் கண்டுபிடித்தான். அவளை வீட்டுக்குள் கொண்டு வரவில்லை. ஆட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ரோனா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கிளெனிஸ் அவள் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். டூகல் வந்து கதவருகே நின்று, "பாக்காதே ரோனா. உனக்குத் தாங்காது" என்றான். கைகளைக் கழுவியிருந்தான். முழங்கை வரை சிவந்திருந்தன, வெந்நீரில் கழுவியது போல. அவள் சரி என்றாள். சவப்பெட்டி வீட்டுக்கு வரும்போதே மூடி ஆணி அடித்திருந்தது. பிரையனி அன்று போட்டிருந்ததையெல்லாம் எரித்துவிட்டதாக டூகல் சொன்னான். அதற்கும் அவள் சரி என்றாள். தனக்காக ஒருவன் இத்தனையையும் தனியாகச் சுமந்தானே என்று நன்றிகூட இருந்தது.

பேருந்து வாசல் கேட்டைத் தாண்டிச் சேற்றில் உறுமிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் இறங்கினார்கள். ரோனா சத்தத்துக்காகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. ஒருவரை ஒருவர் தள்ளவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு சீ என்று சொல்லவில்லை. பூட்ஸ் கால்கள் சரளைக் கல்லில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எல்லோரும் வரிசையாக நின்று அவளைப் பார்த்தார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள். புகைப்படக்காரர் சொன்னதும் சிரிப்பது போன்ற சிரிப்பு. கிளெனிஸ் வந்து ரோனாவைக் கட்டிக்கொண்டாள். அளவுக்கு அதிக நேரம் கட்டிக்கொண்டாள். எப்படி இருக்கிறாய், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் விலகி, இன்றைக்கு வாசனைத் திரவியம் ஏதும் போட்டிருக்கிறாயா என்று கேட்டாள்.

இல்லை என்றாள் ரோனா.

நல்லது என்று கிளெனிஸ் தலையசைத்தாள்.

டூகல் நல்ல சட்டை போட்டிருந்தான். பிள்ளைகளிடம் பேசும்போது அவனுக்கு ஒரு குரல் வரும், கிராமத்துச் சந்தையில் ஏலம் போடுபவர் மாதிரி. அந்தக் குரல் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்தது. இன்று வந்திருந்தது. வளர்ப்புக் குட்டிகளைக் காட்டினான். புட்டியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். உங்கள் வீட்டுத் தம்பிகளை விட இவை மரியாதையாகக் குடிக்கும் என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ரோனா பால் வாளியோடு பின்னால் நடந்தாள். அவள் எங்கே போனாலும் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அவள் பார்த்தால் குனிந்துகொண்டன.

அப்புறம் கொட்டகை.

உள்ளே மழைச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தகரக் கூரையில் அது விழவில்லை, உரசியது. நூறு வருடத்துக் கம்பளிக் கொழுப்பு மரத்தில் ஊறிப்போய், தொட்டால் தோல் போல வழுவழுக்கும் தூண்கள். வைக்கோல், மூத்திரம், அயோடின். சுவரோரம் மரக் கம்பிகளால் தடுத்த சின்னச் சின்னக் கொட்டில்கள். ஒரு தாயாடும் ஒரு குட்டியும் திரும்புவதற்கு மட்டும் இடம். குட்டி இழந்த தாயையும் தாய் இழந்த குட்டியையும் சேர்த்து வைப்பது அங்கேதான்.

முதல் கொட்டிலில் ஒரு தாயாடு நின்றது. அதன் குட்டி காலையில் செத்துப் பிறந்தது. பிள்ளைகள் கம்பியில் முகவாயை வைத்து வரிசையாகச் சாய்ந்தார்கள். டூகல் செத்த குட்டியின் தோலைக் கையில் தூக்கிக் காட்டினான். கழுத்து, நான்கு கால் துளைகள், வால். உரித்துச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும், உட்புறம் நீலம் பாரித்துப் பளபளத்தது. இன்னொரு கையில் தாயில்லாக் குட்டி உதைத்துக்கொண்டிருந்தது.

"இவளுக்குக் கண்ணு முக்கியமில்ல, காது முக்கியமில்ல" என்றான் டூகல். "மூக்குதான். மூக்கு இது என்னுதுன்னு சொல்லிடுச்சுன்னா போதும். மடியில பால் தானா எறங்கிடும்."

குட்டியின் கால்களை ஒவ்வொன்றாகத் தோலின் துளைகளுக்குள் நுழைத்தான். தலை வெளியே வந்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரு சிறுமி கேட்டாள். "என் பொண்டாட்டி பின்னுற ஸ்வெட்டரை விட நல்லாவே பொருந்தும்" என்றான் அவன். ஒரே நேரத்தில் சிரிப்பு. ஒரே நேரத்தில் அமைதி.

ரோனாவும் இதை எத்தனையோ வசந்தங்களில் செய்திருக்கிறாள். தோல் போர்த்திய குட்டியை வைக்கோலில் விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். தாய் வாலடியை முகரும், தயங்கும், மறுபடி முகரும். பிறகு தொண்டைக்குள் ஒரு சத்தம், வேறு எதற்கும் அது வெளியே விடாத ஒரு தாழ்ந்த உறுமல். அந்தச் சத்தம் கேட்டால் அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும். இப்போதும் அந்தத் தாய் முகர்ந்தது, தயங்கியது, உறுமியது. செத்த குட்டியின் வாலை நக்கத் தொடங்கியது. அதற்கடியில் உயிருள்ள வால் துடித்தது.

நிஜமாகவே அதற்குத் தெரியவில்லையா? முதல்முறையாக ரோனாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தெரிந்தும், மடி வலி தாங்காமல், தெரியாத மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் நாங்கள் அதற்குச் செய்தது என்ன?

அவள் நிமிர்ந்தபோது பிள்ளைகள் யாரும் ஆட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

முன்பல் விழுந்த சிறுமி கிளெனிஸின் சட்டைக் கையை இழுத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கொட்டகையில் எல்லாமே கேட்கும்.

"மிஸ், இவங்க எப்ப மோந்து பாப்பாங்க?"

"ஷ்ஷ்" என்றாள் கிளெனிஸ். "இன்னும் கொஞ்ச நேரம்டா."

ரோனாவின் கையில் வாளி கனத்தது. வாளியைப் பற்றி மட்டும் நினை. பால் ஆறிப்போகும். அடுப்பில் ரோல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவள் அதைச் சொன்னாள். தன் குரல் சாதாரணமாக இருந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

கிளெனிஸ் அன்பாகச் சிரித்தாள். கொட்டகைக்கு வருமுன்பே வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

ரோனா கதவை நோக்கி நடந்தாள். பிள்ளைகள் அங்கே நின்றார்கள். வழிமறிக்கவில்லை. யாரும் அவளைத் தொடவில்லை. சும்மா நின்றார்கள், பிறகு சும்மா ஓரடி முன்னால் வந்தார்கள். அவள் இடப்பக்கம் விலகினாள். இடப்பக்கம் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். வைக்கோலில் பூட்ஸுகள் சரசரத்தன. அவள் ஓரடி பின்வாங்க, அவர்கள் ஓரடி நெருங்கினார்கள். அவள் நின்றால் அவர்களும் நின்றார்கள். பொறுமையாக. நல்ல நாய்கள் அப்படித்தான் மடக்கும். குரைக்காமல், கடிக்காமல், கண்ணால் மட்டும். பாலை அவள் காலிலேயே கொட்டிக்கொண்டாள். முதுகில் மரம் இடித்தது. அது கொட்டில் கதவு, விலகிக் கொடுத்தது. காலடியில் புது வைக்கோல்.

கொண்டி விழுந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆயிரம் முறை வெளியிலிருந்து அவளே போட்ட கொண்டி.

கடைசிக் கொட்டில். குளிர் தாங்காத குட்டிகளுக்குப் போடுகிற சிவப்பு விளக்கு மேலே எரிந்தது. வைக்கோலின் நடுவில் அவள் சமையலறை நாற்காலி. அதன்மேல் அவளுடைய சிறு மெத்தை. யாரோ அவள் வசதியை யோசித்திருக்கிறார்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது, பூட்டிய கதவைவிட.

பிள்ளைகள் கம்பியில் முகவாய்களை வைத்தார்கள்.

டூகல் கொட்டிலுக்குள் இல்லை. வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஏலக் குரல் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்த டூகலின் குரலில்தான் பேசினான். அதுதான் கொடுமை.

"ஒரு வருஷமா நீ கத்திட்டே இருக்கே, ரோனா. வாயத் தொறக்காம கத்துற. எனக்குக் கேக்குது. தூக்கத்துலயும் கேக்குது. எல்லாருக்கும் கேக்குது. வேலியோரமா நின்னு கத்துற ஆட்டை எத்தன நாள் பாத்துட்டிருக்க முடியும்?"

"கதவத் தொற, டூகல்."

"அந்தப் புள்ளைக்கும் யாரும் இல்ல. பாவம். தேடவும் யாரும் வரமாட்டாங்க."

ரோனா கிளெனிஸைத் தேடினாள். பிள்ளைகளின் தலைகளுக்குப் பின்னால் கிளெனிஸ் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் யோசித்தோம் என்றாள். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்றாள். பக்கத்துப் பண்ணைக்காரி, தபால்காரர், கடைக்காரர், பேருந்து ஓட்டுகிறவர்வரை ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள், நன்கொடை கொடுத்தவர்களைச் சொல்வது போல.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?" என்று ரோனா கேட்டாள்.

கிளெனிஸ் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "நான் உன் கையத்தான புடிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அந்த மாலை. சமையலறை. இரண்டு கைகள், அவள் கைகளின் மேல், இறுக்கமாக. ஆறுதல் என்று அவள் நினைத்த இறுக்கம். எழுந்து போய்விடாமல் பிடித்த இறுக்கம்.

கொட்டிலின் பின்பக்கச் சிறு கதவை டூகல் திறந்தான். குட்டிகளை உள்ளே விடுகிற கதவு. அதன் வழியாக ஒரு குழந்தை குனிந்து உள்ளே வந்தது.

ஏழெட்டு வயதிருக்கும். முகம் ரோனா பார்த்திராத முகம். ஒடுங்கிய முகவாய், பயந்த சாம்பல் நிறக் கண்கள். ஆனால் ஸ்வெட்டர் பிரையனியுடையது. ரோனா பின்னியது. இந்தப் பண்ணைக் கம்பளியில், சாயம் ஏற்றாமல். இடது கையில் ஒரு வரிசை தப்பாகப் போயிருக்கும், பிரிக்கச் சோம்பலாக இருந்து அப்படியே விட்டுவிட்டாள். அந்தத் தப்பு வரிசை இதோ. எரித்துவிட்டேன் என்றானே. அவன் சொன்னதை எல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எரித்துவிட்டேன். பாக்காதே. உனக்குத் தாங்காது. சீக்குக் குட்டி. தேறட்டும்.

குழந்தை நடுங்கிக்கொண்டு நின்றது.

வாசனை அப்போதுதான் வந்தது. கோட்டில் இருந்த மெல்லிய இழை இல்லை. முழுதாக. சிவப்பு விளக்கின் சூட்டில் அது எழும்பி நெஞ்சில் மோதியது. உச்சந்தலை, கழுத்து மடிப்பு, காலையில் போர்வைக்குள்ளிருந்து வரும் சூடு. ரோனாவின் கைகள் தானாக எழுந்தன. அவள் எழுப்பவில்லை. மார்புக்குள் ஏதோ கட்டியிருந்தது இளகி இறங்கத் தொடங்கியது. தொண்டையில் ஒரு சத்தம் உருவாவதை அவள் உணர்ந்தாள். தாழ்ந்த சத்தம். இந்த ஒரு வருடத்தில் அவள் எதையாவது விரும்பியிருந்தால் இதைத்தான் விரும்பியிருந்தாள். இன்னும் ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும், பிறகு எதையும் யோசிக்க வேண்டியிருக்காது. இவள் முகம்கூடப் பழகிவிடும். மலைமேல் இருக்கிற அந்தச் சின்னக் கல்லறை மேட்டுக்குப் பூ கொண்டு போக வேண்டியிருக்காது. அங்கே கிடப்பவள், எப்படிக் கிடக்கிறாளோ, அப்படியே, யாருக்கும் பிள்ளையாக இல்லாமல், கிடப்பாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள், மூச்சை வெளியே மட்டும் விட்டு.

குழந்தை டூகலைப் பார்த்தது. உதடுகளை நனைத்துக்கொண்டது. "பிரையனி."

"இல்ல. உன்னோட பேரு."

குழந்தையின் கண்கள் நிரம்பின. அது ஒரு கையை நீட்டியது. ஸ்வெட்டர் கை நீளம் போதாமல் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

பிரையனிக்கு அடுப்புக் கதவில் சுட்ட வடு ஒன்று உண்டு. வலது கைப் பெருவிரலுக்கு நேர் கீழே, பிறை மாதிரி.

வடு இருந்தது.

ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, கொஞ்சம் சாய்ந்து இருந்தது. சரியாக இழுத்து மாட்டாத கையுறையில் இருப்பது போல. அந்தக் கை வெளுத்து, வறண்டு, உப்புப் பூத்திருந்தது. விரல் நுனிகளில் மட்டும் வேறு நிறம். இளஞ்சிவப்பாக, உயிரோடு. ஸ்வெட்டர் முடிகிற இடத்துக்குக் கீழே இன்னொரு விளிம்பு இருந்தது. மெல்லியது. லேசாகச் சுருண்டிருந்தது. நல்ல நூலில், சின்னச் சின்னத் தையல்.

டூகலின் தையல். ஆட்டுக்கு வயிறு கிழிந்தால் போடுகிற தையல்.

ரோனா கத்தவில்லை. கத்த மூச்சு இழுக்க வேண்டும்.

பக்கத்துக் கொட்டிலில் தாயாடு நக்கிக்கொண்டிருந்தது. கூரையில் மழை. கம்பிக்கு மேலே வரிசையாக முகங்கள். ஒருவரும் இமைக்கவில்லை. அவர்கள் விடுகிற மூச்சு மட்டும் குளிரில் வெள்ளையாக எழுந்தது, கலைந்தது, எழுந்தது.

குழந்தை வைக்கோலில் முழங்காலிட்டது. யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தலையால் ரோனாவின் வயிற்றில் முட்டியது. ஒருமுறை. மறுமுறை. பசித்த முட்டல். ரோனா நாற்காலியில் சரிந்தாள்.

"ஏத்துக்கலன்னா என்ன செய்வீங்க?" என்று கம்பிக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. அக்கறையோடு கேட்டது.

டூகல் கொண்டியைத் தூக்கி உள்ளே வந்தான். அவள் பின்னால் வந்து நின்றான். கையை அவள் பிடரியில் வைத்தான். கனமான, சூடான, தெரிந்த கை. முரட்டுத்தனம் எதுவும் இல்லை. பயந்த தாயாட்டைக் குனிய வைக்கிற அதே பக்குவம். விரல்கள் இரண்டு காதுகளுக்கும் கீழே சரியான இடத்தைக் கண்டுபிடித்தன. அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. குழந்தையின் உச்சந்தலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. வகிடு எடுத்திருந்தார்கள். வகிட்டின் நடுவிலும் தையல்.

"ஒரு தடவ" என்றான் அவன். அழுதுகொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவ மோந்து பாரு, ரோனா. அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

காதுக்குள் ரத்தம் இரைந்தது. விளக்கின் சிவப்பு ஓரங்களில் கறுத்தது. மூக்குக்கும் முடிக்கும் இடையே இப்போது இடமே இல்லை.

அவள் கையைத் தூக்கி, நடுங்குகிற அந்த முதுகின்மேல் வைக்காமல், தன் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். மிச்சமிருந்த கொஞ்சம் காற்றில் உள்ளங்கைக்குள்ளேயே சொன்னாள்.

"மாட்டேன்."